பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து

மாமா அந்தத் தாளை என் கீபோர்டின்மேல் வைத்தபோது, நான் ஒரு மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழில் சித்தப்பாக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். யார் பெயர் மேலே வரவேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் சண்டை. காலையிலிருந்து மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தேன்.

“அத அப்புறம் பாத்துக்கலாம். இத மொதல்ல அடிச்சுக் குடும்மா,” என்றார் மாமா.

கோடு போட்ட தாள். மாமாவின் சாய்ந்த கையெழுத்து. மேலே இயேசு, மரி, சூசை. அதன் கீழே எங்கள் பங்கின் பெயர், நாள், நேரம். மணமகள் என்ற இடத்தில் என் பெயர்.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது எனக்குத் தெரியும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலில் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கப்போகிறது, தடை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பதைத்தான் எங்களில் ஓலை என்போம். ஆனால் என் கல்யாண அழைப்பிதழை நான்தான் அடிக்கவேண்டியிருக்கும் என்பதை மட்டும் யோசித்துப் பார்க்கவில்லை. நான் வேலை பார்த்தது காதர் பாயின் டி.டி.பி. கடையில். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்தக் கடையை விட்டால் திண்டிவனம்தான் போகவேண்டும்.

என் பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ.’ என்று எழுதியிருந்தது.

அந்த இரண்டு எழுத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். அதற்கு முன்னால் வேறு சிலவற்றைச் சொல்லியாகவேண்டும்.

வெண்முத்துக் காலம்

சில நாட்களுக்கு முன் ஒரு வாசகி தொலைபேசியில் பேசினார். என் கல்லூரி ஆண்டு மலரை எங்கோ பிடித்திருக்கிறார். “அதில் வந்த கவிதைகளை எழுதியதும் நீங்கள்தானா?” என்று கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

நான்தான். “வெண்முத்துக் குவியலே, கடல்மகள் கழற்றி வைத்த கழுத்தாரமே” என்று உப்பைப் பற்றி எழுதியது நான்தான். திண்டிவனத்தில் பி.ஏ. தமிழ் படித்த முதல் வருஷம், கல்லூரி விழாவில் அதை மைக்கில் வாசித்தேன். நல்ல கைதட்டு. எதுகை விழுந்த இடத்திலெல்லாம் தட்டினார்கள்.

அப்பா அந்த வெண்முத்தை வாரிவிட்டுத்தான் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். எண்ணெய் படும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அது கவிதைக்குள் வரக்கூடிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. கவிதையை வீட்டில் இல்லாத பொருள்களால்தான் செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பலகைகளை யாரும் கேட்காமலே சத்தமாகப் படிப்பேன். அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு. ரேஷன் கடையில் எங்கள் அட்டையை நீட்டும்போது, “கையெழுத்து நான் போடுவேங்க,” என்று கடைக்காரர் மைப்பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். அப்பா பக்கத்தில் நின்று, நான் எழுதுவதை, யாரோ கோலம் போடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார்.

சேறு

சுனாமி அலை வந்த காலையைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். இங்கே அதற்குப் பின் வந்த மாதங்களைப் பற்றி மட்டும்.

உப்புப் பாத்தியின் தரையை மனிதர்கள் மிதித்து மிதித்துத்தான் செய்கிறார்கள். வருஷா வருஷம் மிதித்து, அது சிமெண்டுபோல இறுகியிருந்தால்தான் உப்பு அழுக்கில்லாமல் வெள்ளையாக இறங்கும். கடல் உள்ளே வந்து போனதில் அந்தத் தரைக்குமேல் முழங்கால் அளவு சேறு படிந்துவிட்டது. வரப்பு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. வழக்கமாகப் பொங்கல் முடிந்ததும் வேலைக்குக் கூப்பிடுகிற உப்பளத்துக்காரர்கள் அந்த வருஷம் யாரையும் கூப்பிடவில்லை.

அப்பா கொஞ்ச நாள் மண் அள்ளப் போனார். அம்மா குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் துணி துவைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் போய், சாயங்காலம் பினாயில் வாசனையோடு திரும்புவாள்.

“ஒரு ஆளுக்கு நாலு துண்டு வச்சிருக்குறாங்க,” என்பாள். “ஒண்ணுல தொடச்சா ஒடம்பு காயாதா?”

எல்லாரும் ஏதோ ஒன்று செய்யும்போது நான் சும்மா இருக்க முடியாது. அப்போது நான் இரண்டாம் வருஷம். திண்டிவனத்திலிருந்து வரும் பஸ் பாயின் கடைக்கு எதிரில்தான் நிற்கும். முதலில் சாயங்காலங்களில் மட்டும் போனேன். இரண்டாம் ஆண்டுத் தேர்வை எழுதியதும், கல்லூரியை விட்டுவிட்டு முழு நேரமும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. போகாதே என்று சொல்கிற நிலைமையிலும் யாரும் இல்லை.

துறைத்தலைவர் நல்ல மனுஷி. “ஒரு வருஷம் பொறுக்கலாம். அடுத்த ஜூனில் வந்தால் மூன்றாம் ஆண்டில் உட்கார வைக்கிறேன். அதற்குமேல் என் கையில் இல்லை,” என்றார். அடுத்த ஜூன் என்பது அப்போது ரொம்ப தூரத்தில் இருந்தது.

இடம் இல்லை

கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். உப்புக் காற்றுக்குப் பயந்து பாய் இரண்டுக்கும் பிளாஸ்டிக் உறை தைத்து வைத்திருந்தார். அப்படியும் மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு எழுத்து ஒட்டிக்கொள்ளும். பின்கட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங். மண்ணெண்ணெய் வாசனை தலைமுடியிலேயே தங்கிவிடும்.

நான் தமிழ் படிப்பவள் என்று தெரிந்ததும், வாழ்த்து மடல் எழுதுகிற வேலையை பாய் என்னிடம் கொடுத்துவிட்டார். கல்யாண மேடையில் நண்பர்கள் சட்டம் போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பாட்டு. பின்னாட்களில் அதில் என் வெண்முத்துகளுக்கு நல்ல கிராக்கி. “இன்னும் ரெண்டு வரி சேத்துப் போடுங்க மேடம், காசு குடுக்கறோமில்ல,” என்பார்கள்.

ஆனால் நான் சேர்ந்தது ஜனவரி. அப்போது யாரும் வாழ்த்து மடல் கேட்கவில்லை. வந்ததெல்லாம் முப்பதாம் நாள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள்தான்.

பல பேரிடம் போட்டோ இல்லை. வீட்டோடு போயிருந்தது. வாக்காளர் அட்டையைக் கொண்டுவருவார்கள். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குழுப் படத்தைக் கொண்டுவந்து, பின்வரிசையில் பாதி முகம் தெரிகிற ஒரு பெண்ணைக் காட்டுவார்கள். அந்தப் பாதியை நான் பெரிதாக்கிப் போடுவேன்.

ஒரு நாள் அனுமந்தையிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். ஒரே குடும்பத்தில் பலர். எல்லாப் படமும் ஒரே போஸ்டரில் வரவேண்டும் என்றார்கள். நான் கடலைத் தாயே என்று கூப்பிட்டு எட்டு வரி எழுதி வைத்திருந்தேன். படங்களை வைத்தேன். பெயர், வயது, உறவு என்று ஒவ்வொன்றுக்கும் கீழே அடித்தேன். எட்டு வரிக்கு இடம் போதவில்லை. நான்காகக் குறைத்தேன். அப்புறம் ஒரு கைக்குழந்தையின் பெயரை விட்டுவிட்டோம் என்று தம்பிக்காரன் சொன்னான். அதற்குப் படம் இல்லை. பெயருக்கு மட்டும் ஒரு வட்டம் போட்டேன். நான்கு வரி இரண்டாயிற்று.

பாய் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். “பாட்டுக்கு இடமில்லம்மா. எடுத்துடு.”

எடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டு சுவரில் அது ஒட்டியிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார்கள். வாய்விட்டுப் படித்தார்கள். என் பாட்டைத் தேடியவர் யாரும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் ஒன்றும் எழுதவில்லை. அதற்குப் பின், கடை வாழ்த்து மடல்களைத் தவிர, ரொம்ப நாள் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால், இது எந்த இடத்தில் வைக்கவேண்டியது என்று கேள்வி வந்துவிடும்.

பட்டம் கொடுத்த கடை

அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். மாப்பிள்ளைக்கும் போடுவார்கள், பெண்ணுக்கும் போடுவார்கள், மேடை ஏறாத மைத்துனனுக்கும் போடுவார்கள். கல்லூரி வாசலை மிதித்தவர் எல்லாரும் பட்டதாரிதான். ஒருவர் பி.காம். என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து, “எதிர் வீட்டுல எம்.காம்.ன்னு போட்டிருக்காங்க, நமக்கும் அதே போட்டுடுங்க,” என்றார். போட்டோம். யாரும் ஏமாறுவதில்லை. போடாவிட்டால்தான், பெண்ணுக்கு என்ன குறை என்று பேச்சு வரும். அது நகை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வதுபோல. கல்யாணம் முடிந்ததும் கழற்றிவிடலாம்.

அதனால் அந்தத் தாளை வைத்தபோது மாமா தப்பு செய்வதாகவே நினைக்கவில்லை. அவர் அம்மாவின் தம்பி. பெயர் ஆரோக்கியம். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். மாப்பிள்ளை புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினார். படித்த பெண்தான் வேண்டும் என்றார்கள். மாமா என்னைச் சொன்னார்.

“மாமா, பி.ஏ.ன்னு போட்டிருக்கீங்க,” என்றேன்.

“ஆமா. ஏன், எம்.ஏ.ன்னு போடட்டுமா?”

“நான் முடிக்கலயே.”

“ரெண்டு வருஷம் போனியா, இல்லியா? மூணுல ரெண்டு. பாஸ் மார்க்குக்கு மேலயே இருக்குது.”

பாய் சிரித்துவிட்டார். “போட்டுடும்மா. யூனிவர்சிட்டி குடுத்ததவிட இந்தக் கடையில நாம குடுத்த பட்டம் ஜாஸ்தி.”

“மத்தவங்களுக்குப் போடலாம் பாய். எனக்கு வேணாம்.”

“உனக்கு மட்டும் ஏன் வேணாம்?”

“எனக்கு அது வேணும். அதான்.”

மாமா என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். “வேணும்னா போட்டுக்கணும், வேணாம்னா விட்டுடணும். ரெண்டையும் ஒண்ணா சொன்னா நான் என்னாத்தப் பண்றது? சாயந்தரம் ப்ரூஃப் எடுத்துக்கினு புதுச்சேரி போவணும் நான்.”

நான் அடித்தேன். முதலில் மாப்பிள்ளை பெயர், பி.காம்., கம்பெனி. அடுத்து என் பெயர். அதோடு நிறுத்திவிட்டேன். பிரிண்ட் எடுத்து, மாமாவிடம் கொடுக்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

“அப்பாகிட்டக் காட்டிட்டுத் தர்றேன் மாமா.”

“அவரு என்னாத்தப் படிக்கப் போறாரு?” என்றார் மாமா. சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகி, சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பேனா கையில்தான் இருந்தது.

அப்பா பார்த்தது

அது மே மாதம். அந்த வருஷம் அளங்களில் மறுபடி வேலை தொடங்கியிருந்தது. அப்பா வந்து காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் ப்ரூஃபை நீட்டினேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரங்களைப் பிடித்து வாங்கினார்.

“இதுல எது அவரு பேரு?”

காட்டினேன்.

“எது உன் பேரு?”

காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவரு பேருக்கு அப்புறம் குட்டியா என்னமோ இருக்குது. உனக்கு ஒண்ணும் இல்லியே.”

“அது பட்டம்பா. எனக்கு இன்னும் இல்ல.”

“இருக்குதுன்னு உங்க மாமன் சொன்னானே.”

“இல்லப்பா. இந்த ஜூன்ல மறுபடி போனா, ஒரு வருஷத்துல வரும். இந்த ஜூன விட்டா வராது.”

அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த களைப்போடு அடுப்படியில் இருந்தாள். அங்கிருந்தே பேசினாள். “பேப்பர்ல ரெண்டு எழுத்து. அதுக்காவ ஒரு நல்ல எடத்த விடுவியா? நான் தெனம் அடுத்தவங்க மூஞ்சி தொடச்ச துண்டத் துவைக்கிறேன். உனக்கு அந்த வேல வேணாம்னுதான்டி இதெல்லாம்.”

“போட்டுட்டா அப்புறம் என்னை யாரும்மா படிக்க அனுப்புவாங்க? அதான் இருக்குதேன்னுதான் சொல்லுவாங்க.”

அம்மா கரண்டியைப் பாத்திரத்தின்மேல் வைத்தாள். அது சம்மதமா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் படிக்க ஆசைப்பட்டேன் என்பது மட்டும் இல்லை. அந்தப் பட்டத்தை நான் மூன்றில் இரண்டு பங்கு தூக்கிவிட்டேன். மிச்சத்தையும் நான்தான் தூக்கவேண்டும். மாமாவின் பேனா தூக்கக்கூடாது. இதைத் திமிர் என்று மாமா சொன்னார். இருக்கலாம்.

அப்பா ப்ரூஃபைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். “நாளன்னிக்கி உங்க மாமனையும் கூட்டிக்கினு நாம புதுச்சேரி போலாம். நீயே சொல்லு. எனக்கு இதெல்லாம் சொல்ல வராது.”

மாமா கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். “பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி அந்த வீட்டுப் படி ஏறுறதா? ஏன் மச்சான், ஊர்ல கேட்டா சிரிக்க மாட்டாங்க?”

“சிரிக்கட்டும்டா,” என்றார் அப்பா.

கலர் தண்ணீர்

நல்ல வீடு. மொசைக் தரை, சுவரில் பெரிய மாதா படம். எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா ஒரு நொடி திகைத்துவிட்டு, உடனே சிரித்து வரவேற்றார். ஆரஞ்சு நிறத்தில் கலர் கொடுத்தார்கள். அப்பா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கு இப்போது குடும்பம் இருக்கிறது. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் ப்ரூஃபை எடுத்து வைத்தேன். “நான் டிகிரி முடிக்கலங்க. ரெண்டு வருஷத்தோட நிறுத்திட்டேன். அதான் போடல. உங்களுக்குத் தெரியணும்னு வந்தோம்.”

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சிரித்தார்.

“அது எங்களுக்கு முன்னாடியே தெரியும்மா. விசாரிக்காமலா பொண்ணு எடுப்போம்?”

மாமா சட்டென்று நிமிர்ந்தார். அவ்வளவு நாள் அவர் சுமந்துகொண்டிருந்த பொய்யை யாரும் நம்பவேயில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“ஆனா சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் பி.ஏ. பொண்ணுன்னு சொல்லிட்டோம்,” என்றார் அந்த அம்மா. “அதனால கார்டுல போட்டுடுங்க. யாரு வந்து சர்டிபிகேட்டு கேக்கப் போறாங்க?”

பயந்து வந்த விஷயம் அங்கே ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கோபப்படுவார்கள், கல்யாணம் வேண்டாம் என்பார்கள் என்று நினைத்து வந்தோம். அவர்கள் பி.ஏ. இல்லாத பெண்ணையும் ஏற்றுக்கொண்டார்கள். அழைப்பிதழில் பி.ஏ. இருந்தால் போதும். இனி யாரையும் குறை சொல்ல வழியில்லை. நான்தான் முடிவு செய்யவேண்டும்.

“ஒரு வருஷம் பொறுத்தீங்கன்னா நெசமாவே போடலாங்க,” என்றேன். “ஜூன்ல சேந்துடுவேன்.”

“கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கும்மா அது? அதான் கார்டுலயே இருக்குமே.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுப்படியில் இருந்த அம்மாவிடம் நான் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

மாப்பிள்ளை அதுவரை பேசவில்லை. இப்போது மெதுவாக, “ஒண்ணும் தப்பில்லங்க. எல்லாரும் போடறதுதான். போட்டுடுங்க,” என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அவர் பி.காம். நிஜமாகவே முடித்தவர். தன் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதும் என் பெயருக்குப் பக்கத்தில் வரப்போவதும் வேறு வேறு என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

“எனக்கு வேணாங்க,” என்றேன். “பட்டம் போடறது மட்டுமில்ல. ஜூன்ல என்னை அனுப்ப மாட்டீங்கன்னா, கல்யாணமும் வேணாங்க.”

அந்த அம்மா அப்பாவைப் பார்த்தார், பெண்ணை அதட்டுவார் என்று. அப்பா கலரைக் கடைசி வாய்வரை குடித்தார். கொடுத்ததை மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று நினைப்பவர். தம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்போ நாங்க கௌம்பறோங்க,” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா எங்களோடு உட்காரவில்லை. டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, மரக்காணம் வரும்வரை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது ஞாயிறு

நான் ஜூனில் கல்லூரிக்குப் போனேன், மறு வருஷம் பட்டம் வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. படித்தால் வருவதுதான். பிறகு வந்த என் கவிதைகளைப் பற்றிச் சொல்கிறவர்கள், உவமை இல்லை, அலங்காரம் இல்லை, வறட்சியாக இருக்கிறது என்கிறார்கள். சிலர் அதைப் பாராட்டாகவும் சொல்கிறார்கள். நான் எந்தக் கொள்கையும் வைத்துக்கொண்டு எழுதவில்லை. ஒரு சொல்லைப் போடப் போகும்போது, இது என்னிடம் இருக்கிறதா, இரவல் வாங்குகிறேனா என்று கை நின்றுவிடுகிறது. அந்த அழைப்பிதழுக்கு முன்னால் அப்படி நின்றதில்லை. போஸ்டர்கள் என் வரிகளைக் குறைத்தன. மிச்சம் இருப்பது என்னுடையதாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதம் இதிலிருந்து வந்தது.

அந்தப் பிடிவாதத்தில் எழுதிய முதல் கவிதை புதுச்சேரி போய்வந்த ஒரு வாரத்துக்குள் வந்தது.

சனிக்கிழமை அப்பா போய்ப் பங்குச் சாமியாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவேண்டாம் என்றாள் அம்மா. போகாவிட்டால் இன்னும் பேசுவார்கள் என்றேன். மூன்று பேரும் போனோம். பூசை முடிவில் சாமியார் ஓலை வாசிக்க ஆரம்பித்ததும் பெண்கள் பக்கத்தில் ஒரு அமைதி வந்தது. வேறு இரண்டு ஜோடிகளுக்கு வாசித்தார். தாளை மடித்தார். என் முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே செருப்புப் போடும்போது பக்கத்துத் தெரு அக்கா அப்பாவைப் பிடித்துக்கொண்டது. “ஏண்ணா, பொண்ணு கல்யாணம் நின்னு போச்சாமே?”

“அது படிக்கப் போவுதும்மா,” என்றார் அப்பா.

உப்பள வரப்பில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும். அந்தப் பழக்கத்தில் அப்பா தார் ரோட்டிலும் எங்களுக்கு முன்னால்தான் நடப்பார், எப்போதும், கொஞ்சம் வேகமாக. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அன்று வீடு வரைக்கும் எப்படி வந்தோம் என்பதை அடுத்த நாள் மதியம், கடையில் கரண்ட் போயிருந்த நேரத்தில், ஒரு கெட்டுப்போன அழைப்பிதழின் பின்பக்கம் எழுதினேன்.

வேறு இரண்டு பேருக்கு
ஓலை வாசித்தார்கள்.
என் பெயர் வரவில்லை.
பூசை முடிந்து
ரோட்டில் நடந்தோம்.
அப்பா முன்னால் போகவில்லை.
பக்கத்தில் வந்தார்.

சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு சரியாகப் பேசியிருக்கவில்லை. கேட்டுவிட்டு, இன்னும் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாம்மா.”

“நடந்ததையே சொல்லிக்கினு இருக்கற. இதுக்கா மறுபடி காலேஜுக்குப் படிக்கப் போற?” என்று முறத்தை எடுத்தாள். அரிசியை இரண்டு முறை புடைத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“ஆனா அந்தாளு அப்படி நடந்தது நெசந்தான். நான் பின்னாலேர்ந்து பாத்துக்கினேதான் வந்தேன்.”